நீல வயரும் வெள்ளை வயரும்: டிரெய்லர் பிரேக்கின் மின்பழுதைத் தேடும் முறைகள்

வட அமெரிக்காவில் கோடை பிறந்ததும் வீட்டையே இழுத்துக்கொண்டு போகும் வண்டிகள் நெடுஞ்சாலைகளில் பெருகிவிடும். முன்னால் ஒரு பிக்கப் டிரக், பின்னால் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் அடங்கிய ஒரு டிரெய்லர். இரண்டு ஆக்ஸில் உள்ளதென்றால் மூன்று டன் எடை சாதாரணம். அந்த மூன்று டன்னை நிறுத்தும் பொறுப்பு டாஷ்போர்டுக்கு அடியில், ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே திருகி வைத்த ஒரு சோப்புக்கட்டி அளவுப் பெட்டியிடம் இருக்கிறது. அதன் பெயர் பிரேக் கன்ட்ரோலர். ஒரு சிறு திரை, விரலால் தள்ளும் ஒரு லீவர், பிரேக் பிடிக்கும் வலுவைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு, அவ்வளவுதான். ஒருநாள் அந்தத் திரையில் இரண்டு எழுத்துகள் மின்னத் தொடங்கும். அல்லது எதுவுமே மின்னாது; இறக்கத்தில் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளுவது மட்டும் முதுகில் தெரியும்.

அப்போது பலரும் முதலில் செய்வது பெட்டியை மாற்றுவது. ஒன்டாரியோவில் எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரே கோடையில் இரண்டு கன்ட்ரோலர் வாங்கினார். இரண்டாவதையும் மாட்டிக்கொண்டு மலைப்பாதையில் போனபோது அதே எழுத்துகள் அதே மாதிரி மின்னின. பழுது பெட்டியில் இல்லை. அதற்கு எட்டு மீட்டர் பின்னால், ஆக்ஸில் குழாய்க்குள் ஓடிய ஒரு வயரில் இருந்தது. பேசத் தெரிந்த ஒரே உறுப்பு பெட்டி என்பதால் குற்றமும் அதன் தலையில் விழுகிறது. இந்தத் துறையின் கையேடுகளையும் பழுதுபார்ப்போரின் வழக்கங்களையும் ஒருசேரப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: கன்ட்ரோலர் பழுது என்று வரும் புகார்களில் பெரும்பகுதி கன்ட்ரோலருக்கு வெளியே உள்ள பழுது. அது கண்ணில் படாமல் போவதற்குக் காரணம், லோடு இல்லாமல் வோல்ட் பார்க்கும் பழக்கம்.

மின்பிரேக் வேலை செய்யும் விதம் காரின் பிரேக்கைப் போன்றதல்ல. காரில் காலின் அழுத்தம் எண்ணெய்க் குழாய் வழியாகச் சக்கரத்தை எட்டுகிறது. டிரெய்லருக்கு அப்படி ஒரு குழாய் போவதில்லை. ஒவ்வொரு பிரேக் டிரம்முக்குள்ளும் ஒரு லீவரின் முனையில் ஒரு மின்காந்தம் இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் அது சுழலும் டிரம்மின் முகத்தைப் பற்றிக்கொள்கிறது. டிரம் அதைத் தன்னோடு இழுத்துப்போகப் பார்க்கிறது; அந்த இழுப்பில் லீவர் சாய்ந்து பிரேக் ஷூக்களை விரிக்கிறது. டிரெய்லரை நிறுத்தும் விசையை டிரெய்லரின் ஓட்டமே தருகிறது. மின்சாரம் அந்த விசையை வேலைக்கு அழைக்கிறது, அவ்வளவே. இந்த வகைப் பிரேக்குக்கென்று விஸ்கான்சின் மாநிலத்தின் பெலாய்ட் நகரில் 1927-இல் நிறுவனம் தொடங்கியவர் ஆர்தர் வார்னர். கார்களுக்கு வேகமானி செய்து அதற்கு முன்பே பெயர் பெற்றவர். கிட்டத்தட்ட நூறு ஆண்டு ஆகியும் காந்தம், லீவர், டிரம் என்ற அமைப்பு மாறவில்லை.

மாறியது, காந்தத்துக்கு எவ்வளவு மின்சாரம் அனுப்புவது என்று முடிவெடுக்கும் உறுப்புதான். பழைய கன்ட்ரோலர்கள் டிரக்கின் பிரேக் எண்ணெய்க் குழாயிலிருந்தே ஒரு கிளை எடுத்து, எண்ணெய் அழுத்தத்துக்குத் தக்கபடி மின்தடையைக் குறைத்துக் கூட்டின. டிரக்குகளில் ஏபிஎஸ் வந்தபின் அந்தக் குழாயில் யாரும் கைவைக்கக் கூடாது என்றானது. அதன்பின் வந்தவை இரண்டு வகை. ஒன்று, பிரேக் விளக்கு எரிந்ததும் முன்பே குறித்த வேகத்தில் மின்சாரத்தைப் படிப்படியாக ஏற்றுவது. மற்றொன்று, வண்டி எவ்வளவு வேகமாகத் தணிகிறது என்று தானே உணர்ந்து அதற்கேற்ப அனுப்புவது. முதலில் ஒரு சிறு ஊசல் அதை உணர்ந்தது, இப்போது ஒரு சில்லு உணர்கிறது. ஃபோர்டு தன் 2005 மாடல் சூப்பர் டியூட்டியில் கன்ட்ரோலரைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி, டிரக்கின் பிரேக் அழுத்தத்தோடு அதை இணைத்தது. மற்ற பிக்கப் நிறுவனங்களும் அந்த வழிக்கு வந்துவிட்டன. எந்த வகையானாலும் வெளியே அனுப்பும் மின்சாரம் ஒரே சீராகப் போவதில்லை. நொடிக்குப் பல முறை விட்டுவிட்டு, துடிப்புத் துடிப்பாகப் போகிறது. லேசாகப் பிரேக் பிடித்தால் துடிப்பு குறுகும், அழுத்திப் பிடித்தால் அகலும். சாதாரண மல்டிமீட்டர் இந்தத் துடிப்புகளின் சராசரியைக் காட்ட முயன்று ஆளுக்கொரு எண்ணைக் காட்டும். இரண்டு பேர் இரண்டு மீட்டரில் அளந்துவிட்டு வாதாடுவதற்குப் பல நேரம் இதுவே காரணம். லீவரை முழுக்கத் தள்ளி, துடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் நிலையில் அளந்தால் மட்டுமே அந்த எண்ணை நம்பலாம்.

பழுதைத் தேடப் புறப்படுமுன் சில எண்கள் கையில் இருக்க வேண்டும். 10 அங்குலம், 12 அங்குல டிரம்களில் வரும் காந்தத்தின் மின்தடை ஏறக்குறைய 3.2 ஓம். 12 வோல்ட் கொடுத்தால் அது 3.75 ஆம்பியர் இழுக்கும்; 45 வாட். ஒரு ஆக்ஸிலுக்கு இரண்டு காந்தம், 7.5 ஆம்பியர். இரண்டு ஆக்ஸிலுக்கு 15, மூன்றுக்கு 22.5. எல்லாக் காந்தங்களும் பக்க இணைப்பில் உள்ளவை. ஒரே நீல வயர் அத்தனைக்கும் மின்சாரத்தைக் கொண்டுபோகிறது, ஒரே வெள்ளை வயர் அத்தனையையும் திருப்பிக் கொண்டுவருகிறது. வாகன நிறுவனங்கள் ஒரு நிறவரிசையையும் டிரெய்லர் வீடுகள் கட்டுவோர் வேறொரு நிறவரிசையையும் பின்பற்றுகிறார்கள்; ஒன்றில் பச்சை வலதுபக்க விளக்கு, மற்றொன்றில் பச்சை பின்விளக்கு. ஆனால் நீலம் பிரேக், வெள்ளை எர்த், கறுப்பு பேட்டரி என்பது இரண்டுக்கும் பொது. கனரக லாரிகளின் ஏழுமுனைச் சாக்கெட்டில் மட்டும் நீலம் பிரேக் அல்ல. காற்றுப் பிரேக் டிரெய்லரின் ஏபிஎஸ்ஸுக்கு மின்சாரம் தரும் முனை. லாரிப் பட்டறையில் கைபழகிய ஒருவர் வீட்டு டிரெய்லரைத் தொடும்போது முதலில் மறக்க வேண்டியது இதை.

இப்போது பெட்டியின் திரைக்கு வருவோம். பரவலாக விற்கும் டெகோன்ஷா பிராடிஜி வகையில் ‘சி’ என்றால் டிரெய்லர் இணைந்திருக்கிறது, ‘என்.சி.’ என்றால் இணையவில்லை, ‘எஸ்.ஹெச்.’ என்றால் ஷார்ட், ‘ஓ.எல்.’ என்றால் தாங்கும் அளவுக்கு மேல் மின்சாரம் போகிறது. தொழிற்சாலையிலேயே பொருத்தியவை இவற்றை முழு வாக்கியங்களாகவே சொல்கின்றன. இந்தக் குறிகள் பொய் சொல்வதில்லை. ஆனால் அவற்றுக்குத் தெரிந்தது கொஞ்சம். பெட்டி நீல வயரின் முனையில் நின்று, எதிரே ஏதாவது காந்தம் இருக்கிறதா என்று பார்க்கிறது. நான்கில் ஒன்று உயிரோடிருந்தாலும் ‘சி’ எரியும். மூன்று சக்கரம் பிரேக் பிடிக்காத டிரெய்லரை இழுத்துக்கொண்டு, திரையில் ‘சி’ எரிகிறது என்ற நிம்மதியில் ஒருவர் நாட்டின் குறுக்கே ஓட்டிப் போகலாம். இந்தத் துறையில் எனக்கு மிகுந்த கவலை தரும் விஷயம் இதுதான். எச்சரிக்கை வந்தவர் வண்டியை ஓரம் கட்டுகிறார். எச்சரிக்கை வராதவருக்கு ஓரம் கட்டக் காரணமே கிடைப்பதில்லை.

அடுத்த மயக்கம் மல்டிமீட்டரில். டிரெய்லரின் சக்கரத்தருகே இணைப்பைக் கழற்றி, மீட்டரின் இரண்டு முனைகளையும் வயரில் வைத்து, டிரக்கில் இருப்பவரை லீவரைத் தள்ளச் சொல்கிறோம். மீட்டர் 12 வோல்ட் காட்டுகிறது. ‘இங்கே வரை கரன்ட் வருகிறது, காந்தம்தான் போய்விட்டது’ என்று முடிவு கட்டுகிறோம். அது தவறாக இருக்கலாம். ஒரு கணக்கைப் பார்ப்போம். நான்கு காந்தங்களும் சேர்ந்து 0.8 ஓம். வழியில் ஒரு இணைப்பு களிம்பேறி அரை ஓம் கூட்டிவிட்டது என்று கொள்வோம். மொத்தம் 1.3 ஓம், 15 ஆம்பியருக்குப் பதில் 9 ஆம்பியர்தான் பாயும். காந்தங்களுக்குக் கிடைப்பது சுமார் 7.4 வோல்ட். மீதி 4.6 வோல்ட் அந்தக் களிம்பிலேயே எரிந்து, நாற்பது வாட்டுக்கு மேல் சூடாகிறது. பிரேக் பாதியாகக் குறைந்துவிட்டது. ஆனால் காந்தத்தைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்தால்? மீட்டரின் உள்தடை பத்து மெகா ஓம் அளவில் இருப்பது. அரை ஓம் அதன் கண்ணுக்கே தெரியாது. அழகாக 12 வோல்ட் காட்டும். ஒரே ஒரு செம்பு இழையில் தொங்கும் வயரும் 12 வோல்ட் காட்டும். நிறையத் தண்ணீர் வேண்டிய வயலுக்கு வாய்க்கால் சரியா என்று ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது போன்ற சோதனை இது.

ஆகவே சோதனை எதுவானாலும் லோடோடு செய்ய வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பழைய ஹெட்லைட் பல்பு ஒன்று போதும். 55 வாட் ஹாலஜன் பல்பு இழுக்கும் மின்சாரம் ஒரு காந்தம் இழுப்பதைவிடச் சற்றே கூடுதல். இரண்டு வயரைப் பற்றவைத்து, டிரெய்லரைக் கழற்றிய நிலையில் டிரக்கின் பின் சாக்கெட்டில் நீல முனைக்கும் வெள்ளை முனைக்கும் இடையே மாட்டி, லீவரை மெல்லத் தள்ளிப் பார்க்கலாம். பல்பு மங்கலாகத் தொடங்கி முழு வெளிச்சத்துக்கு ஏறினால் பெட்டி, டிரக்கின் வயர், எர்த் மூன்றும் ஒரே நொடியில் தேர்ச்சி பெற்றுவிட்டன. மங்கலாகவே நின்றுவிட்டால் பழுது டிரக்கில். எரியும் பல்போடு பேட்டரியின் எதிர்முனையிலிருந்து சாக்கெட்டின் வெள்ளை முனைவரை வோல்ட் பார்த்தால் எர்த்தில் எவ்வளவு தொலைகிறது என்று தெரியும். அரை வோல்ட்டுக்கு மேல் போனால் அங்கே வேலை இருக்கிறது. பழுதின் பாதி உலகத்தை இந்த ஒரு பல்பு ஒதுக்கிவிடுகிறது. டிரக்கா, டிரெய்லரா என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்முன் எதையும் வாங்கக் கூடாது.

டிரக் தேறிவிட்டால் டிரெய்லருக்குப் போகலாம். இங்கே ஓம் பார்க்கச் சொல்லும் கையேடுகள் உண்டு. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. நான்கு காந்தமும் நலமாக இருந்தால் 0.8 ஓம், ஒன்று அறுந்திருந்தால் 1.07 ஓம். வித்தியாசம் கால் ஓமுக்குச் சற்றே மேல், அவ்வளவுதான். மலிவு விலை மீட்டரின் வயர்களே அந்த அளவு தடையைச் சேர்த்துவிடும். ஆம்பியர் பார்ப்பது மேல். முழுச் சார்ஜ் உள்ள ஒரு பேட்டரியை டிரெய்லர் பிளக்கின் நீலத்துக்கும் வெள்ளைக்கும் நேராகக் கொடுத்து, நடுவில் ஆம்பியரை அளக்க வேண்டும். 15 வந்தால் நான்கும் உயிரோடு. 11 சொச்சம் என்றால் ஒன்று போய்விட்டது. 7.5 என்றால் பெரும்பாலும் ஒரு ஆக்ஸில் முழுவதும். எண்கள் இப்படிப் படிப்படியாகப் பிரிந்து நிற்பதால் குழப்பத்துக்கு இடமில்லை. இந்த மூன்றுக்கும் இடைப்பட்ட எண் வந்தால், அறுந்த காந்தம் அல்ல, களிம்பேறிய இணைப்பு என்று சந்தேகிக்கலாம். ஒரு எச்சரிக்கை: மல்டிமீட்டர்களின் ஆம்பியர் முனை பொதுவாக 10 ஆம்பியர்தான் தாங்கும். நான்கு காந்தத்தை அதன் வழியாகச் செலுத்தினால் மீட்டரின் பியூஸ் போய்விடும். நேர்மின்சாரம் அளக்கும் கிளாம்ப் மீட்டர்தான் இதற்கு ஏற்றது. வீட்டு வயரிங் வேலைக்கு வைத்திருக்கும் கிளாம்ப் மாறுமின்சாரத்தை மட்டும் அளப்பதாக இருந்தால் இங்கே பூஜ்யம்தான் காட்டும். அதைப் பார்த்துக் காந்தம் செத்துவிட்டது என்று நினைக்கக் கூடாது.

எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிக்கச் சிறு உபாயங்கள் பல புழக்கத்தில் உள்ளன. திசைகாட்டியை டிரம்முக்குப் பின்புறம் பிடித்து லீவரைத் தள்ளச் சொன்னால், காந்தம் உயிர் பெறும்போது முள் சட்டென்று திரும்பும். காதை வைத்துக் கேட்டால் துடிப்பின் ரீங்காரம் கேட்கும். இரண்டும் கரன்ட் வருகிறது என்று மட்டும் சொல்லும், போதுமான அளவு வருகிறதா என்று சொல்லாது. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கையால் சுழற்றிவிட்டு லீவரைத் தள்ளுவது அதைவிட நேர்மையான சோதனை. எனக்குப் பிடித்தது இன்னொன்று: சில கிலோமீட்டர் ஓட்டி நாலைந்து முறை பிரேக் பிடித்தபின் நிறுத்தி, தொடாமல் வெப்பம் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானியால் நான்கு டிரம்மையும் பார்ப்பது. மூன்று சூடு, ஒன்று குளிர் என்றால் குளிர்ந்தது வேலை செய்யவில்லை. ஒன்று மட்டும் கொதித்தால் அது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஓடும் வண்டியே தன் குறையைக் காட்டித் தரும் சோதனை இது.

பழுது குடியிருக்கும் இடங்களில் முதலிடம் எர்த்துக்குத்தான். நீல வயரை எல்லோரும் சந்தேகிக்கிறார்கள். வெள்ளை வயரை யாரும் நினைப்பதில்லை. போன 15 ஆம்பியரும் அதே அளவில் திரும்பி வர வேண்டும் என்பது பள்ளிப் பாடம், ஆனால் படுத்துக்கொண்டு வயர் பார்க்கும்போது மறந்துபோகும் பாடம். டிரெய்லரின் சட்டத்தில் துருவின்மேல் முறுக்கிய ஒரு திருகு, பத்து ஆண்டு உப்புச்சாலையில் ஓடியபின் எர்த்தாக இருப்பதில்லை. அப்போது மின்சாரம் கொக்கிக் குண்டின் வழியாகத் திரும்பப் பார்க்கும். குண்டில் கிரீஸ் இருக்கிறது. வண்டி குலுங்கும்போது தொட்டும் தொடாமலும் இருக்கும். பிரேக் ஒரு நேரம் பிடித்து ஒரு நேரம் விடும். விளக்குகளும் கூடவே மங்கி மினுக்கினால் எர்த் என்று உறுதியாகவே சொல்லலாம். கன்ட்ரோலரின் வெள்ளை வயரையும் டாஷ்போர்டுக்கு அடியில் கிடைத்த இரும்பில் மாட்டாமல் பேட்டரியின் எதிர்முனைக்கே நேராகக் கொண்டுபோக வேண்டும் என்று கன்ட்ரோலர் கையேடுகள் சொல்வது இதனால்தான்.

அடுத்து, ஆக்ஸில் குழாய். பல டிரெய்லர்களில் ஒரு பக்கச் சக்கரத்திலிருந்து மறுபக்கச் சக்கரத்துக்கு வயர் ஆக்ஸிலின் உள்ளே கட்டில்லாமல் ஓடுகிறது. கட்டும்போது அது வேலையைச் சுலபமாக்குகிறது. ஓடும்போது ஒவ்வொரு குழியிலும் வயர் இரும்பில் உரசுகிறது. துளை விளிம்பில் காப்புறை தேய்கிறது. நின்றிருக்கும் வண்டியில் எல்லாச் சோதனையும் தேறும். ஓட்டினால் ஷார்ட் காட்டும், நிறுத்தினால் மறையும். நான் முதலில் சொன்னவரின் இரண்டு கன்ட்ரோலர்களையும் பலி வாங்கியது இதுதான். இதற்கு ஒட்டுப்போடுவதில் பயனில்லை. பழைய வயரை அங்கேயே செத்ததாக விட்டுவிட்டு, ஆக்ஸிலுக்கு வெளியே, பாதுகாப்புக் குழாயில் நுழைத்து, புது வயரைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். கையோடு வயரின் கனத்தையும் கூட்டலாம். அமெரிக்க அளவில் 14-ஆம் நம்பர் வயர் பத்து மீட்டர் போய்ப் பத்து மீட்டர் திரும்பினால் 0.17 ஓம் அளவுக்குத் தடை சேரும். நான்கு காந்தத்துக்கு 12 வோல்ட்டில் பத்துக்கும் குறைவாகவே கிடைக்கும். 10-ஆம் நம்பர் வயரில் அதே தூரத்துக்குப் பதினொன்று கிடைக்கும். எதுவும் பழுதாகாமலேயே மெலிந்த வயர் ஒன்றே பிரேக்கை இப்படித் தளர்த்திவிடுகிறது.

இணைப்புகளைப் பற்றி ஒரு சொல். சக்கரத்தருகே, சேறும் உப்பும் தெறிக்கும் இடத்தில், வயரைக் குத்திப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளையும் முறுக்கி டேப் சுற்றிய முடிச்சுகளையும் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. மழைநீர் காப்புறைக்குள் ஏறிச் செம்பைப் பச்சையாக்கிவிடும். பற்றவைத்து, உள்ளே பசையுள்ள சுருங்கும் குழாயால் மூடினால் இணைப்பு நெடுநாள் தாங்கும். காந்தத்தின் இரண்டு வயர்களுக்கும் நேர், எதிர் என்ற பேதமில்லை. எதை நீலத்தோடு சேர்த்தாலும் சரி. காந்தத்தின் சுருளே உடலோடு ஒட்டிவிட்டதா என்று பார்க்க ஒரு பழைய முறை உண்டு. காந்தத்தைக் கழற்றி அதன் உலோக உடலைப் பேட்டரியின் எதிர்முனையில் வைத்து, இரண்டு வயரில் ஒன்றை ஆம்பியர் மீட்டர் வழியாக நேர்முனையில் தொட வேண்டும். முள் சிறிதாவது அசைந்தால் அந்தக் காந்தத்தை மாற்றிவிட வேண்டும்.

இனி, துண்டிப்பு சுவிட்ச். ஓடும்போது டிரெய்லர் டிரக்கிலிருந்து கழன்றுவிட்டால் ஒரு கம்பிக் கயிறு சுவிட்சிலிருந்து முளையைப் பிடுங்கும். டிரெய்லரின் சொந்தப் பேட்டரியிலிருந்து முழு 12 வோல்ட் நீல வயருக்குப் போய் எல்லாச் சக்கரத்தையும் இறுக்கிவிடும். வணிக வாகனங்களுக்கான அமெரிக்க மத்திய விதி அந்தப் பிரேக் குறைந்தது 15 நிமிடம் பிடித்து நிற்க வேண்டும் என்கிறது. ஆஸ்திரேலியாவில் 2,000 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லர்களுக்கும் அதே 15 நிமிடம். உயிர் காக்கும் இந்தச் சுவிட்ச் டிரெய்லரின் மூக்கில், டிரக் வாரியிறைக்கும் எல்லா நீரையும் ஏந்திக்கொண்டு இருக்கிறது. உள்ளே நீர் புகுந்தால் முளை பிடுங்கப்படாமலேயே மின்சாரம் கசிந்து நீல வயருக்குப் போகும். பிரேக் லேசாக, ஆனால் விடாமல் பிடிக்கும். ஓட்டுநருக்கு என்ஜின் கொஞ்சம் திணறுவதுபோல இருக்கும், அவ்வளவுதான். டிரம் பழுக்கச் சூடாகி, பேரிங்கின் கிரீஸ் உருகி, தீப்பிடிக்கும்வரை போகலாம். பிளக்குக்குள் கறுப்பு முனையிலிருந்து நீல முனைக்கு ஈரம் பாலம் போட்டாலும் இதே விளைவு. ஆகவே பிரேக் பிடிக்கவில்லை என்ற புகாரைவிட, பிரேக் விடவில்லை என்ற புகாரை நான் அவசரமானதாக எடுத்துக்கொள்வேன். கண்டுபிடிப்பது எளிது: டிரக்கின் பிளக்கைக் கழற்றியபின்னும் சக்கரம் இறுகி, டிரெய்லர் பேட்டரியைக் கழற்றியதும் விடுபட்டால், குற்றவாளி சுவிட்ச் அல்லது அதன் பக்கத்து வயர். இந்தச் சுவிட்சைச் சோதிக்க முளையைப் பிடுங்கும்போது டிரக்கின் பிளக்கைக் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் டிரெய்லர் பேட்டரியின் மின்சாரம் எதிர்த்திசையில் கன்ட்ரோலருக்குள் புகுந்து அதைக் கெடுக்கலாம்.

டிரக்கின் பக்கம் உண்மையாகவே பழுது இருந்தால், அது பெரும்பாலும் சிவப்பு வயரில் இருக்கும். பிரேக் மிதியை மிதித்தாயிற்று என்று பெட்டிக்குச் சொல்வது அந்த வயர். லீவரைத் தள்ளினால் டிரெய்லர் நிற்கிறது, மிதியை மிதித்தால் நிற்பதில்லை என்றால் சிவப்பு வயருக்குச் செய்தி வரவில்லை. திருப்ப விளக்கையோ அபாய விளக்கையோ போட்டால் டிரெய்லர் வெட்டி வெட்டி இழுக்கிறது என்றால், சிவப்பு வயரைப் பிரேக் சுவிட்சில் சேர்க்காமல் விளக்கு வயரில் சேர்த்திருக்கிறார்கள். கறுப்பு வயரில் இருக்கும் தானே மீளும் பிரேக்கர் இரண்டு ஆக்ஸில்வரை 20 ஆம்பியர், அதற்கு மேல் 30. அது களைத்துப்போனால் நீண்ட இறக்கத்தில் சூடேறித் துண்டித்து, ஆறியதும் திரும்பச் சேரும். மேட்டில் ஏறும்போது எல்லாம் சரியாகத் தெரியும்.

விட்டுவிட்டு வரும் பழுதுக்கு, அது வரும் நேரமே சாட்சி. குழியில் வந்தால் ஆக்ஸில் வயர். வளைவில் வந்தால் இழுபடும் பிளக்கின் கயிறு. மழைக்குப் பின் வந்தால் துண்டிப்பு சுவிட்ச் அல்லது வயர்கள் ஒன்றுசேரும் சந்திப்புப் பெட்டி. நீண்ட இறக்கத்தில் வந்தால் பிரேக்கர். பழுதுபார்ப்பவரிடம் வண்டியை விடும்போது ‘பிரேக் சரியில்லை’ என்பதோடு நிறுத்தாமல் இதைச் சொன்னால் அரைநாள் கூலி மிச்சமாகும்.

எண்ணெய் அழுத்த டிஸ்க் பிரேக் உள்ள டிரெய்லர்கள் கூடிவருகின்றன. அவற்றில் நீல வயர் காந்தத்துக்குப் போவதில்லை. ஒரு மின்பம்புக்குச் சைகை தருகிறது. பம்பு இழுக்கும் சைகை மின்சாரம் மிகக் குறைவு என்பதால், சில கன்ட்ரோலர்கள் எதிரே யாருமில்லை என்று முடிவுகட்டி ‘இணைக்கப்படவில்லை’ என்று காட்டும். பெட்டியின் அமைப்பில் வகையை மாற்ற வேண்டும். அந்த வசதி இல்லாத பெட்டியானால் இணக்கமானதை வாங்க வேண்டும். கன்ட்ரோலரை மாற்றுவது சரியான மருந்தாக இருக்கும் அரிய இடங்களில் இது ஒன்று.

மின்சாரமே குற்றவாளி இல்லாத நேரமும் உண்டு. 15 ஆம்பியர் சரியாகப் பாய்ந்தும் வண்டி நிற்கவில்லையென்றால் இனி வயரைத் துழாவக் கூடாது, டிரம்மைக் கழற்ற வேண்டும். பின்பக்க சீல் கசிந்து கிரீஸ் காந்தத்தின் முகத்தில் படிந்திருக்கலாம். காந்தம் தேய்ந்து செம்பு தெரியலாம். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி பெருகியிருக்கலாம். தானே சரிசெய்துகொள்ளும் அமைப்பு இல்லாத பிரேக்குகளை முதல் 200 மைலில் ஒருமுறையும், பின் 3,000 மைலுக்கு ஒருமுறையும் கையால் இறுக்க வேண்டும் என்று டெக்ஸ்டர் ஆக்ஸில் கையேடு சொல்கிறது. இதைச் செய்யாமல் கன்ட்ரோலரின் திருகை மட்டும் ஆண்டுதோறும் ஒரு படி ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் பலர்.

ஐரோப்பாவில் இந்தப் பேச்சே இல்லை. அங்கே டிரெய்லர் டிரக்கை முட்டும் விசையே தன் பிரேக்கைத் தானே இழுத்துக்கொள்ளும் அமைப்புதான் வழக்கம். ஆஸ்திரேலியாவிலும் அது 2,000 கிலோவரை செல்லும். அதற்கு மேல் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக் வேண்டும், அங்கும் பெரும்பாலும் மின்பிரேக்தான். ஒன்டாரியோ 1,360 கிலோவிலிருந்து பிரேக் கேட்கிறது. அமெரிக்க மாநிலங்கள் பலவும் அதே எடையை 3,000 பவுண்டு என்று எழுதி வைத்திருக்கின்றன. நம்மவர்கள் பலர் டொராண்டோவிலும் சிட்னியிலும் இப்போது டிரெய்லர் இழுக்கிறார்கள். பழைய டிரெய்லரை யாரோ ஒருவரின் முற்றத்திலிருந்து வாங்கி வருகிறார்கள். வாங்கும்போது கட்டிலையும் குளிர்பெட்டியையும் பார்க்கிறோம். விற்பவரிடம் ஒரு பேட்டரி கேட்டு, பிளக்கின் நீலத்திலும் வெள்ளையிலும் வைத்து ஆம்பியர் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது.

பிரேக் நலமாக இருக்கும் நாளில் எடுத்த அந்த எண்ணை எழுதியும் வைக்க வேண்டும். என் டிரெய்லரின் மூக்குச் சட்டத்தில், எரிவாயு சிலிண்டருக்குப் பின்னால் மழை படாத இடத்தில், வெள்ளைப் பெயின்ட் பேனாவால் தேதியும் பேட்டரி வோல்ட்டும் ஆம்பியரும் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு வசந்தத்திலும் முதல் பயணத்துக்கு முன் ஒரு வரி சேரும். ஒருமுறை 15 இருந்த இடத்தில் 13 வந்தது. திரையில் ‘சி’ எரிந்துகொண்டுதான் இருந்தது. இடதுபக்கப் பின்சக்கரத்தின் இணைப்பைப் பிரித்தபோது உள்ளே பச்சைப் பொடி.